பொறுப்புப் பயிற்சியாளர்

ஏப்ரல் 2

மூன்றாவது மருத்துவரும் அதையேதான் சொன்னார். இடது முழங்காலில் குருத்தெலும்பு மிச்சமில்லை. நடக்கலாம், படியேறலாம், குதிக்கக் கூடாது. முதல் இரண்டு பேரும் சுற்றி வளைத்துப் பேசினார்கள். இவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். எனக்கு இவரைத்தான் பிடித்தது.

வயது இருபத்தொன்பது. எங்கள் துறையின் கூடைப்பந்து அணியில் எட்டு வருடம், மாநில அணியில் ஐந்து வருடம். இந்திய முகாமுக்கு இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் கடைசிப் பட்டியலில் பெயரில்லை. இவ்வளவுதான்.

வலியைத் தினமும் எழுதி வை என்று பிசியோ சொன்னதால் இந்த நோட்டு. வலி: பத்துக்கு நான்கு.

ஏப்ரல் 6

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர்கள் காலையில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவோம். ஆட்டம் முடிந்தவன் மேசைக்குத் திரும்ப வேண்டும். என்னைத் தபால் பிரிவில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

பக்கத்து மேசை ஹேமலதா மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எட்டு வருஷமாவா இங்க வேலை செய்றீங்க? நான் உங்களப் பாத்ததே இல்லையே சார்."

"நானும் உங்களப் பாத்ததில்ல மேடம்."

கருவியியலில் பி.இ. முடித்தவன் நான். இன்று பதினொரு கடிதங்களுக்கு முத்திரை குத்தினேன். அதில் நான்கு தவறான பிரிவுக்குப் போய்த் திரும்பி வந்தன. ஜன்னல் ஓரத்து மேசையில் தொப்பையோடு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பள்ளியில் படித்தபோது அவர்தான் இந்த அணியின் கேப்டன். அவர் படம் போட்ட நாளிதழை வெட்டி வைத்திருந்தேன். எழுப்பிப் பேசவில்லை.

வலி: இரண்டு. உட்கார்ந்தே இருந்தால் வலிக்காது.

ஏப்ரல் 13

விளையாட்டுச் செயலாளர் பத்ரி சார் கூப்பிட்டார். எங்கள் கோச் தங்கப்பாண்டி சார் மார்ச்சில் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த இடம் காலி.

"உனக்குப் படிப்பு இருக்கு, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. மே மாசம் தேனிப் பக்கம் நடக்குற டோர்னமென்ட் வரைக்கும் நீ பாத்துக்கோ. பொறுப்புப் பயிற்சியாளர்னு லெட்டர் தரேன். அரையிறுதி போனா நிரந்தரமா ஆர்டர் போட வைக்கிறேன்."

"போகலைன்னா சார்?"

"தபால் செக்‌ஷன் எங்கயும் போயிடாதுப்பா."

ஏப்ரல் 15

முதல் நாள் பயிற்சி. ஆறு மணிக்கு நான், ஆறு பத்துக்கு அவர்கள். கேப்டன் நவாஸ் என்னோடு ஒரே அறையில் ஆறு வருடம் இருந்தவன்.

"நேத்து வரைக்கும் மச்சான், இன்னிலேர்ந்து கோச்சா? சரி, கால்ல விழணுமா, இல்ல கை குடுத்தா போதுமா?"

"பத்து நிமிஷம் லேட்டு. பத்து ரவுண்டு ஓடு."

"இவன் கோச்சேதான்டா," என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டே ஓடினான்.

தங்கப்பாண்டி சார் கண்ணாலேயே ஆட்டக்காரனை எடைபோடுவார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. மார்பில் கட்டும் இதயத் துடிப்புப் பட்டை பன்னிரண்டு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொருவனுடைய துடிப்பும் நொடிக்கு நொடி என் மடிக்கணினிக்கு வரும். யார் சோம்பேறி, யார் களைப்பு என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை.

என் ஆட்டத் திட்டம் எல்லாம் ரீகனை வைத்துத்தான். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், இருபத்திரண்டு வயது, ஆறடி ஏழு அங்குலம். என் இடத்தில் ஆடப்போகிறவன். என்னைவிட நன்றாக ஆடுகிறான். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஏப்ரல் 19

ரீகனின் பட்டை சரியில்லை. ஓட்டப் பயிற்சியில் 158-இல் இருந்த துடிப்பு இரண்டே நொடியில் 231-க்குத் தாவுகிறது. ஒன்பது நொடி அங்கேயே நிற்கிறது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் 160. மனித இதயம் இப்படிப் படியில்லாமல் ஏறாது. பட்டை நழுவினாலோ வியர்வை பற்றாவிட்டாலோ இதுபோல் குப்பை அளவு வரும். கல்லூரி ஆய்வகத்தில் நூறு முறை பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 20

துடிப்பைப் பதியும் கணினி நிரலில் ஒரு வடிகட்டி எழுதினேன். இரண்டு நொடிக்குள் நாற்பதுக்கு மேல் தாவினால் அந்தப் பகுதியைத் தானே வெட்டிவிடும். வரைபடம் இப்போது சுத்தமாக இருக்கிறது.

ஏப்ரல் 27

ஓட்டம் முடிந்ததும் ரீகன் கூடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. கண்ணு லேசா இருட்டிட்டு வந்துச்சு. ரெண்டு நிமிசம் இருந்தா சரியாயிரும்."

"காலைல என்ன சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்பிடல."

வெறும் வயிற்றில் இவ்வளவு பெரிய உடம்பு ஓடினால் இருட்டத்தான் செய்யும். இரண்டு வாழைப்பழமும் குளுக்கோஸும் கொடுத்தேன். நாளையிலிருந்து அனைவரும் அரை மணி நேரம் முன்னதாகச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு.

வலி எழுதுவதை விட்டுவிட்டேன். நேரமில்லை.

மே 3

ரீகன் இன்று சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

மே 4

நவாஸின் பட்டையை ரீகனுக்கும் ரீகனுடையதை நவாஸுக்கும் மாற்றிக் கட்டினேன். வடிகட்டியை அணைத்துவிட்டு ஓடவிட்டேன்.

நவாஸின் வரைபடம் சுத்தமாக வந்தது.

ரீகன் மூன்று முறை தாவினான். 228, 233, 230. கடைசித் தாவல் பதினான்கு நொடி.

அவன் நெஞ்சு குழிந்த மாதிரி இருக்கும். பட்டை சரியாகப் படியாது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மே 5

நெஞ்சு குழிந்தெல்லாம் இல்லை. இன்று பார்த்தேன்.

மே 6

பயிற்சி முடிந்து மற்றவர்கள் டீக்குப் போனார்கள். ரீகனை மட்டும் நிறுத்தி வைத்து, மடிக்கணினியைத் திருப்பி அவனிடம் காட்டினேன்.

"இந்த இடத்துல உனக்கு என்ன தோணுச்சு?"

நிறைய நேரம் பார்த்தான். "நெஞ்சுக்குள்ள மீனு துள்ளுத மாதிரி இருக்கும்ணே. பெறவு நின்னுரும்."

"எத்தன நாளா?"

"போன வருசத்துலருந்து."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்லிட்டு?" என்று சிரித்தான். "எங்க அண்ணன் இப்படித்தாம்ணே சொல்லுவான். கோயில் திருநாளுக்கு ஃபுட்பால் ஆடும்போது விழுந்தான். எந்திரிக்கல. வெயிலு அடிச்சிட்டுன்னு சொன்னாவ. இருபத்தி நாலு வயசு."

"மே மாசமா?"

"இல்லண்ணே. டிசம்பர்."

டிசம்பரிலும் தூத்துக்குடியில் வெயில் அடிக்கும் என்று சொன்னேன். அவன் தலையாட்டினான்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். அவன் வேலைக்குச் சேர்ந்து இந்த ஜூனோடு இரண்டு வருடம். தகுதிகாண் காலம் முடிந்து பணி நிரந்தரம் ஆக வேண்டும். அதற்குள் உடம்பில் குறை என்று எழுத்தில் வந்துவிட்டால் ஒரு கடிதத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு என்றால் மேசையில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி.

"எங்கப்பா வள்ளத்த வித்தாச்சு. தங்கச்சி நர்சிங் படிக்கா. ஜூன் முடியட்டும்ணே. முடிஞ்ச மறுநாளே நீங்க எங்க சொன்னாலும் வந்து காட்டுதேன். அது வரைக்கும் இத யார்ட்டயும் சொல்லிராதீங்க."

அவன் கேட்டதால்தான் சரி என்றேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 7

இனி இதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஆட்ட உத்திகள் மட்டும்.

மே 11

நம்மிடம் உயரமானவன் ஒருவன்தான். ரீகன் களத்தில் இருக்கும்போது நிமிடத்துக்கு இரண்டு புள்ளி எடுக்கிறோம். அவன் பெஞ்சில் இருக்கும்போது ஒன்றேகால். மூன்று பயிற்சி ஆட்டங்களை வைத்துப் போட்டது. அவன் இருபத்தெட்டு நிமிடமாவது ஆடினால் அரையிறுதி உண்டு. இருபது நிமிடம் என்றால் இல்லை.

மே 14

நிரலிலிருந்து வடிகட்டியை நீக்கவில்லை.

மே 18

ரயிலில் வந்து, பஸ் மாறி, ஊர் சேர்ந்தோம். மேற்கே மலை, ஊரைச் சுற்றி மாந்தோப்பு. வருடத்தில் ஒரு வாரம் இந்த ஊருக்குக் கூடைப்பந்துப் பைத்தியம் பிடிக்கும். பள்ளி விடுமுறை என்பதால் வகுப்பறைகளில் தங்கவைத்திருக்கிறார்கள். ரீகன் நான்கு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டும் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

டீக்கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "நீங்க ஏழாம் நம்பர்ல? போன தடவ பட்டையக் கிளப்புனீகளே. இந்தவாட்டி எறங்கலையா?"

"இல்லைங்க. இப்ப கோச்சு."

"அடடா," என்றார், துக்கம் விசாரிப்பது போல. டீக்குக் காசு வாங்கவில்லை.

மே 19

போட்டியில் யாரும் பட்டை கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நடுவர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று காரணம் சொன்னேன். இதுவரை எந்த நடுவரும் ஆட்சேபித்ததில்லை.

முதல் ஆட்டம் கேரள அணியோடு. பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. ரீகன் இருபத்தாறு நிமிடம்.

மே 20

இரண்டாவது ஆட்டமும் வெற்றி. ரீகன் இருபத்தொன்பது நிமிடம். ஒன்றும் ஆகவில்லை. பத்ரி சார் சென்னையிலிருந்து கிளம்பி வருகிறார். நாளை காலிறுதி.

நவாஸ் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "ரீகன நடுநடுவுல உக்கார வைடா. பையன் மூஞ்சி நல்லால்ல."

"நீ உன் ஃப்ரீ த்ரோவப் பாரு. ஆறுல மூணு போச்சு."

"நான் ஃப்ரீ த்ரோ பத்தியா பேசினேன்?"

இன்னொரு கரண்டி ரசம் வாங்கிக்கொண்டேன். ரசம் நன்றாக இருந்தது.

மே 21

காலிறுதி. மாலை ஆறரைக்கு ஆரம்பம். பஞ்சாப் போலீஸ்காரர்களின் அணி. ஐந்து பேரும் கதவு மாதிரி இருந்தார்கள். நிற்க இடமில்லாத கூட்டம், வேப்பமரத்தில்கூட ஆள்.

மூன்றாம் பகுதி முடிவில் நாங்கள் நான்கு பின்தங்கியிருந்தோம். கடைசிப் பகுதியில் ரீகன் தனியாளாகப் பதினொன்று எடுத்தான். மூன்று நிமிடம் மிச்சம் இருக்கையில் சமநிலை.

வெளியே வர வேண்டும் என்றால் ஆட்டக்காரன் முஷ்டியை மடக்கி மேலே தூக்கிக் காட்டுவான். கூடைப்பந்தில் எல்லோருக்கும் தெரிந்த சைகை. எட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

இரண்டு நிமிடம் நாற்பது நொடி மிச்சம் இருக்கையில் ரீகன் முஷ்டியைத் தூக்கினான் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அந்த நேரம் நான் ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிரி, பையன் கைய தூக்குறான்டா," என்று நவாஸ் என்னைப் பார்த்துக் கத்தினான்.

கூட்டத்தின் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை.

கேட்டது. எழுதத்தானே இந்த நோட்டு. கேட்டது.

ஆட்டத்தை நிறுத்தி அவனை வெளியே எடுக்க என் கையில் இன்னும் ஒரு டைம் அவுட் மிச்சம் இருந்தது. அதைக் கடைசி நிமிடத்துக்கு வைத்திருந்தேன்.

மூன்று புள்ளியில் ஜெயித்தோம். விசில் ஊதியதும் இரண்டு அணியும் வரிசையாகக் கை குலுக்கினார்கள். ரீகன் நான்காவது ஆளிடம் கை நீட்டியவன் அப்படியே முகம் குப்புற விழுந்தான். கையை ஊன்றவில்லை. விழுகிறவன் கையை ஊன்றுவான். இவன் ஊன்றவில்லை.

கூட்டம் இன்னும் வெற்றிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.

மே 21, தொடர்ச்சி

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே கண் திறந்தான். "ஜெயிச்சாச்சாண்ணே?" என்றான். மூக்கில் ரத்தம்.

மருத்துவமனையில் டாக்டர் செண்பகவல்லி என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். என்னைப் போலவே பொறுமையில்லாதவர். சலைன் ஏற்றினார், ஈ.சி.ஜி. எடுத்தார், நீளக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வராந்தாவுக்கு வந்தார்.

"கோச் யாருங்க?"

"நான்தான்." பத்ரி சார் என் தோளோடு தோளாக நின்றிருந்தார்.

"இதுல லேசா ஒரு மாத்தம் இருக்கு. ஸ்போர்ட்ஸ்காரங்களுக்குச் சாதாரணமாவும் இப்படி இருக்கும், பெரிய வியாதிக்கும் இப்படி இருக்கும். இதை மட்டும் வச்சு நான் சொல்ல முடியாது. அவரக் கேட்டா ஒண்ணுமில்லன்னே சொல்றாரு. நீங்க சொல்றத வச்சுத்தான் நான் முடிவெடுக்கணும். இதுக்கு முன்னாடி இப்படி மயக்கம், படபடப்பு எதுவும் வந்துருக்கா?"

நான் ரீகனை நினைத்தேன். ஜூன் முடியட்டும் என்று சொன்னானே. பத்ரி சாரின் சென்ட் வாசனை வந்துகொண்டிருந்தது.

"வந்துருந்தா?" என்று கேட்டேன்.

"வந்துருந்தா இவரு இனி பந்தத் தொடக் கூடாது. இப்பவே மதுரைக்கு அனுப்புவேன். மொத தடவன்னா, வெக்கை, தண்ணி கொறஞ்சிருக்கும்னு எடுத்துக்கலாம்."

"மொத தடவதான்."

"வீட்ல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு எறந்துருக்காங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

எழுதிக்கொண்டே வந்தார். பிறகு அட்டையை என்னிடம் நீட்டினார். "தகவல் சொன்னவர்னு போட்டுருக்கேன். இதுல உங்க பேர எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

கிரிதரன், பயிற்சியாளர் என்று எழுதினேன். பொறுப்புப் பயிற்சியாளர் என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

மே 22

ரீகன் இல்லாமல் அரையிறுதியில் இருபத்திரண்டு புள்ளியில் தோற்றோம். பத்ரி சாருக்கு வருத்தமே இல்லை. "அரையிறுதின்னேன், வந்துட்ட," என்றார்.

ரீகனை அனுப்பும்போது டாக்டர் ஒரு கடிதத்தை ஒட்டி என் கையில் கொடுத்தார். சென்னையில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் இன்னும் இரண்டு சோதனைகளும் எடுக்க வேண்டும் என்று எங்கள் துறை மருத்துவருக்கு எழுதியது. "நீங்க சொன்னத நம்பித்தான் அனுப்புறேன். இத மட்டும் எடுக்காம விட்றாதீங்க."

எடுப்பதாகச் சொன்னேன்.

நவாஸ் ரயிலில் என் பெட்டிக்கு வரவில்லை.

ஜூன் 9

நவாஸ் வேறு ஊருக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம். அவன் அம்மாவோடு போன வாரம்தான் பேசினேன், நன்றாக இருக்கிறார்.

ஜூன் 24

ரீகனுக்கு நிரந்தரத்துக்கான மருத்துவச் சோதனை. உயரம், எடை, பிரஷர், கண். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. எடைக்கருவியில் ஏறி நின்றபோது தலை மின்விசிறியில் இடிக்கப் போனது, கம்பவுண்டர் சிரித்தார் என்று வந்து சொன்னான்.

ஜூலை 1

இரண்டு ஆணையும் ஒரே தபாலில் வந்தன. ரீகனுக்குப் பணி நிரந்தரம். எனக்குப் பயிற்சியாளர் பதவி. தபால் பிரிவில் முத்திரை குத்தி ஹேமலதா மேடமே கொண்டுவந்து கொடுத்தார். "இனிமே உங்கள மறுபடி பாக்க முடியாது," என்றார்.

ஜூலை 2

ரீகன் மைதானத்துக்கு ஒரு பெட்டி மக்ரூனோடு வந்தான். வீட்டிலிருந்து அனுப்பியது. அப்பா போனில் அழுதாராம். அனைவருக்கும் கொடுத்துவிட்டு என்னிடம் தனியாக வந்தான்.

"அண்ணே, அந்த டாக்டரம்மா குடுத்த லெட்டரு உங்கட்டதான இருக்கு?"

"இருக்கு."

"இப்பக் குடுத்தா வேலைக்கு ஒண்ணும் வராதுல்லா. நாளைக்கே போயி எடுத்துருவமா? எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. நேத்து மாடிப்படி ஏறையில வந்துச்சு."

அவன் சொன்னது சரி. மே ஆறாம் தேதி பேசியதும் இதுதான். பயப்பட ஒன்றுமில்லை. அவனுக்கு இனி ஒன்றும் போகாது.

ஆகஸ்டில் தேசியப் போட்டி. உயரமானவன் வேறு யாரும் இல்லை. பத்ரி சார் நேற்றுதான் சொன்னார், முதல் வருடத்தில் பதக்கம் இல்லாத பயிற்சியாளரை மறு வருடம் யாருக்கும் நினைவிருக்காது என்று.

"நேஷனல்ஸ் முடியட்டும்டா," என்றேன். "ஏழு வாரம்தான். அதுவரைக்கும் லேசா ஆடு, நான் பாத்துக்கிறேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

"நீங்க சொன்னாச் சரிண்ணே. நீங்கதான அன்னைக்கி எனக்காகப் பொய் சொன்னீங்க."

போய்க் கோட்டில் நின்றுகொண்டான்.

ஜூலை 3

காலை ஆறு மணி. எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஓட்டப் பயிற்சி, இருபது சுற்று. ரீகனைப் பத்தோடு நிறுத்தலாம் என்று நினைத்திருந்தேன். மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்கள்.

பதினொன்றாவது சுற்றில் என்னைத் தாண்டும்போது சிரித்துவிட்டுப் போனான். பன்னிரண்டு. பதின்மூன்று. சத்தமாக எண்ணிக்கொண்டு நின்றேன்.